மாடிக்கு விட்ட கம்பி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் எந்த ஊரைக் கடந்தாலும் வீடுகளின் தலையில் கம்பி நிற்கிறது. மொட்டை மாடியின் மூலைகளிலும் நடுவிலும் மூன்றடி, நான்கடி உயரத்துக்குத் துருவேறிய கம்பிக் கற்றைகள். சிலவற்றில் கொடி கட்டித் துணி காய்கிறது. சிலவற்றின் முனையில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். கேட்டால், "மாடிக்கு விட்டிருக்குங்க" என்பார்கள். மாடி எப்போது வரும் என்று மேலும் கேட்பது மரியாதையாக இருக்காது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்து வீடு மண்சுவரும் கீற்றுமாக இருந்தது. கொஞ்சம் வசதி வந்தால் நாட்டு ஓடு, இன்னும் வந்தால் மெத்தை வீடு. பருத்தியும் மக்காச்சோளமும் செட்டிக்குளத்துச் சின்ன வெங்காயமும் ஏதோ ஒரு ஆண்டில் கைகொடுத்து மற்ற ஆண்டுகளில் கைவிடுகிற மானாவாரி நாடு இது. சீரான பணம் துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தது. வந்த பணம் முதலில் கடனை அடைத்தது, பிறகு நகையானது, பிறகு வீடானது. அந்த வீடு பில்லர் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பது எந்த அரசாணையிலும் இல்லை. ஆனாலும் பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்துக்கு அடுத்த கேள்வி, "வீடு பில்லர் போட்டதா, சும்மா சுவத்து மேல தளமா?" என்பதுதான்.

பில்லர் வீட்டின் கணக்கு எளியது. தளத்தின் பாரம் பீமுக்கு, பீமிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து பூட்டிங்குக்கு, அங்கிருந்து மண்ணுக்கு. சுவர் எதையும் தாங்குவதில்லை. வெயிலையும் பக்கத்து வீட்டுக்காரர் பார்வையையும் மறைப்பதோடு அதன் கடமை முடிந்தது. 1000 சதுர அடிக்கு 5 அங்குலக் கனத்தில் தளம் போட்டால் அதன் எடை ஏறக்குறைய 29 டன். அத்தனையையும் ஒன்பது அல்லது பன்னிரண்டு தூண்களில் நிறுத்துவது சாதாரண விஷயம் அல்ல. பிரான்சில் பிரான்சுவா என்பிக் 1892இல் காப்புரிமை வாங்கிய முறையின் பேரப்பிள்ளைதான் நம் ஊர்ப் பில்லர் வீடு. 1914இல் லெ கார்புசியே மூன்று தளம், ஆறு தூண், ஒரு படிக்கட்டு மட்டும் உள்ள ஒரு படத்தை வரைந்தார். போரில் இடிந்துபோன ஊர்களை அதைக் கொண்டு விரைவாகக் கட்டி எழுப்பலாம் என்பது அவர் எண்ணம். அன்றைக்கு அதை வாங்க ஆளில்லை. போர் எதுவும் நடக்காத வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் அந்தப் படம் இன்று தெருத்தெருவாக நிறைவேறிக்கொண்டிருக்கிறது. முகப்பில் ஒட்டிய டைல்ஸையும் சிம்மத் தலைகளையும் பார்த்தால் அவருக்குத் தன் படம் அடையாளம் தெரியுமா என்பது வேறு விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், தூண் போட்ட பிறகும் நம்மவர்கள் ஒன்பது அங்குலச் சுவரைக் குறைப்பதில்லை. மேஸ்திரிக்குத் தூணை மட்டும் நம்ப மனம் வராது. வீட்டுக்காரருக்குச் சுவரை மட்டும் நம்ப மனம் வராது. ஆகவே, ஒரே பாரத்தைத் தாங்க இரண்டு பேருக்குச் சம்பளம். நில அதிர்வு வரைபடத்தில் இந்த இரண்டு மாவட்டங்களும் ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலத்தில் இருக்கின்றன. நல்ல மண்ணில், ஒற்றைத் தளத்தோடு முடிகிற வீட்டுக்கு, ஒழுங்கான கடைக்காலும் பெல்ட்டும் லிண்டலும் உள்ள செங்கல் சுவர் போதும் என்பது என் கருத்து. இதை எந்தப் பொறியாளரும் மறுக்க மாட்டார். வீட்டுக்காரரிடம் சொல்லவும் மாட்டார். சொன்னால் வேலை அடுத்த பொறியாளருக்குப் போய்விடும்.

தூண் உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் ஒன்று இங்கே உண்டு. அது கரிசல். பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் ஊதிப் பொங்கும். மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் நீரைக் குடித்துப் பருப்பதும் காய்ந்து சுருங்குவதும்தான் காரணம். பருத்திக்கு இதைவிட நல்ல மண் கிடையாது, வீட்டுக்கு இதைவிடக் கெட்ட மண் கிடையாது. வீடு ஆண்டுதோறும் ஒரு மூலையில் எழுந்து மறு மூலையில் உட்காரும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிற விரிசலைப் பார்த்தாலே அந்தப் பக்கத்துக் கொத்தனார், "கரிசல் வேலை காட்டுது" என்பார். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே ஒரு முறையைச் செம்மைப்படுத்தியது. மண் ஈரத்தால் அசைகிற ஆழத்தைத் தாண்டி, சுமார் மூன்றரை மீட்டர் கீழே போய், அடிப்பகுதியைக் குமிழ்போல் அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்புவார்கள். மேலே மண் என்ன ஆட்டம் ஆடினாலும் தூணின் கால் அசையாது.

கிராமத்தில் நடப்பது வேறு. ஜேசிபி வந்து ஐந்தடி குழி எடுக்கும். அடியில் கிராவலோ எம்-சாண்டோ ஒரு படுகை. அதன் மேல் பூட்டிங். ஐந்தடியில் கரிசல் முடிந்துவிட்டால் நல்லது. முடியாவிட்டால் தூணும் கரிசலோடு சேர்ந்து ஏறி இறங்கும். அப்போது விரிசல் சுவரின் நடுவில் விழாமல், தூணும் சுவரும் சேரும் கோட்டில் நேராக விழும். அதற்குக் கோழிவலை வைத்துப் பூசுவார்கள். இதற்கிடையில் குளியலறைத் தண்ணீரைச் சுவரோரமாகவே விட்டு, நிழலுக்கென்று வேம்பை ஐந்தடி தள்ளி நட்டு, மண்ணை ஒரு பக்கம் ஊறவும் ஒரு பக்கம் காயவும் வைப்போம். ஒரு மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு, வாசல் கதவின் செதுக்குவேலைக்கு ஆவதைவிடக் குறைவு. கதவை நாலு பேர் பார்க்கிறார்கள்.

பார்க்காத இடத்தில் இருக்கிற இன்னொன்று கவர். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் நிற்கிற கான்கிரீட்டின் கனம் அது. இந்தியத் தர விதி 456 தூணுக்கு 40 மில்லிமீட்டர் என்கிறது, தளத்துக்கு 20. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மையில் கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தை மாற்றிக்கொண்டே வரும். அது கம்பியைத் தொடுகிற நாளில் துரு தொடங்கும். துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். ஆக, வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது தூணின் பருமன் மட்டுமல்ல, அந்த நாற்பது மில்லிமீட்டரும்தான். இங்கே தளத்துக் கம்பிக்கு அடியில் கைக்குக் கிடைத்த ஜல்லியைச் செருகிவிட்டு வேலையை நகர்த்துகிறார்கள். தூணுக்கு அதுவும் இல்லை. பலகை அடைக்கும்போது கம்பிக்கூடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சாய்ந்தபடியே கான்கிரீட் விழும்.

அடுத்தது தண்ணீர். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்கும் வறண்ட வெயில் நாட்டுக்கும் 10 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். தளத்துக்கு இதைச் சரியாகவே செய்கிறார்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது விவசாயி கைக்குத் தெரிந்த வேலை. தூணுக்குப் பாத்தி கட்ட முடியாது. சாக்கைச் சுற்றிக் காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம். சித்திரை வெயிலில் அரைமணி நேரத்தில் சாக்கு மொடமொடத்துவிடும். குடிக்கவே லாரியில் தண்ணீர் வாங்குகிற ஊரில், "தூணுக்கு இன்னும் ரெண்டு குடம் ஊத்து ஆத்தா" என்று யார் சொல்வது?

சொல்லத் தெரிந்தவர் சிங்கப்பூரில் இருக்கிறார். இதுதான் இந்த மாவட்டங்களின் தனி வினோதம். சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையில் கம்பி கட்டவும் பலகை அடிக்கவும் போகிற தமிழர்களில் பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்குப் பஞ்சமில்லை. போகும் முன் அந்த நாட்டுக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் திறன் தேர்வை முடிக்க வேண்டும். டெஸ்ட் அடிக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். அங்கே படம் பார்த்துக் கம்பி கட்டுகிறார். கவர் பிளாக் இல்லாமல் ஒரு கம்பி நகராது. கான்கிரீட் ஊற்றும் முன் ஒருவர் வந்து அளந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அங்கே அடுக்குமாடியின் இருபதாவது மாடியில் ஊரார் வீட்டுத் தூணுக்கு நாற்பது மில்லிமீட்டர் காத்துவிட்டு, அந்தக் கூலியை ஊருக்கு அனுப்பித் தன் வீட்டுத் தூணை எழுப்புகிறார். இங்கே படமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. வரைபட அனுமதிக்கென்று ஊராட்சியில் கொடுத்த தாளில் தூண்கள் புள்ளிகளாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

தளம் போடும் நாளில் வாட்ஸ்அப்பில் வீடியோ காட்டுவார்கள். இப்படி ஒரு நாளை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மனைவி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு சென்ட்ரிங் பலகையைச் சுற்றி வருகிறார். அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய கணவரின் குரல்: "அந்த மூலையக் காட்டு. இன்னும் கீழ. கம்பி பலகையில ஒட்டிக்கிட்டு இருக்குல்ல? மேஸ்திரிக்கிட்ட குடு." மேஸ்திரி வாங்கிப் பார்த்தார். "தம்பி, முப்பது வருசமா இப்படித்தான் போடுறேன். ஒண்ணும் ஆவாது. மிசினு ஓடுது, ஆளு நிக்கிது, நீ வேலயப் பாரு." கலவை மிசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது; அதற்கு மணிக்கணக்கில் வாடகை. அந்தத் தம்பி அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மேஸ்திரி அவருக்குச் சித்தப்பா முறை ஆகவேண்டும் என்று பிறகு தெரிந்தது.

மேஸ்திரியைக் குற்றம் சொல்லி முடித்துவிடலாம், அது எளிது. ஆனால் அவருக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, அந்தத் தம்பிக்கு இன்னொரு நாடு கற்றுக்கொடுத்தது. மேற்பார்வை இருக்கிற இடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2025 மார்ச் 28இல் மியான்மர் நிலநடுக்கத்தின் அதிர்வில் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடிக்கு மேற்பட்ட கட்டடம் தரைமட்டமானது. இடிபாட்டிலிருந்து எடுத்த கம்பிகளில் சில தரச் சோதனையில் தேறவில்லை. அந்தக் கட்டடம் அரசுத் தணிக்கை அலுவலகத்துக்காக எழுந்துகொண்டிருந்தது.

தாய்லாந்துக் கிராமங்களும் நம் வழியில்தான் வந்திருக்கின்றன. சியாம் சிமெண்டு நிறுவனத்தை 1913இல் மன்னர் வச்சிராவுத்தே தொடங்கிவைத்தார். மரக்கால்களின் மேல் நின்ற வீடுகளின் இடத்தில் இன்று கான்கிரீட் தூணும் இரும்புக் கூரைச் சட்டமும். வடகிழக்கின் ஈசான் பகுதியில் தைவானுக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களின் பணம் அந்தத் தூண்களாகிறது. ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள்: தூணை நிறுத்தியதும் கூரையைப் போட்டுவிட்டு, அந்த நிழலில் நின்று சுவர் எழுப்புகிறார்கள். சாய்வான கூரையை அவர்கள் விட்டுவிடவும் இல்லை.

நாம் விட்டுவிட்டோம். தட்டைத் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் வீட்டுக்குள் கக்குகிறது. மே மாதத்தில் இரவு பதினொரு மணிக்குக் கூரைவிசிறி சுடுகாற்றைத்தான் கலக்கும். சில ஆண்டுகளில் மழையும் கசியத் தொடங்கும். அப்போது வீட்டுக்காரர் வெல்டரைக் கூப்பிட்டு, மாடி முழுக்க இரும்புப் பைப் நட்டு, கலர் ஷீட் போட்டுவிடுகிறார். கீழே கான்கிரீட் சட்டம், மேலே இரும்புச் சட்டம். சாய்வான கூரை லட்சங்கள் செலவழித்துத் திரும்பி வந்துவிட்டது. ஓட்டுக்கு இருந்த குளிர்ச்சி மட்டும் அதற்கு இல்லை.

அரசுக்கும் தளத்தின் மேல்தான் நம்பிக்கை. குடிசையைக் கான்கிரீட் வீடாக்கும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 2010இல் வந்தது. அடுத்த ஆண்டில் ஆட்சி மாறி 300 சதுர அடிப் பசுமை வீடு வந்தது. 2024இல் கலைஞரின் கனவு இல்லம்: 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் தளம், மூன்றரை லட்சம் ரூபாய். கூரை எரிந்து குழந்தையைப் பறிகொடுத்த குடும்பங்கள் உள்ள மாநிலத்தில் இதைக் கேலி செய்ய எனக்கு மனம் இல்லை. ஆனால் இரண்டு மூன்று தலைமுறைக்கு என்று நினைத்துக் கொடுத்த பழைய தொகுப்பு வீடுகளில் காரை பெயர்ந்து கம்பி தெரிய, தொட்டிலை எந்த மூலையில் கட்டுவது என்று பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார்கள். 2001க்கு முன் கட்டிய அத்தகைய வீடுகளைப் பழுது பார்க்கவே 2024இல் ஒரு திட்டம் தேவைப்பட்டது. கனவு இல்லத்துக்கு, வேலை முடிந்த கட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தவணை விடுகிறார்கள். தண்ணீர் ஊற்றியதற்குத் தவணை கிடையாது. இதில் இன்னொன்றும் உண்டு: சுவரின் மேல் தளம் போட்டால் போதும் என்கிற இந்த வீட்டுக்கும் வட்டிக்கு வாங்கி நான்கு பில்லர் எழுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனை சிமெண்டும் எங்கிருந்து வருகிறது என்று அரியலூர்க்காரரைக் கேட்க வேண்டியதில்லை. அரசின் டான்செம் ஆலை 1979இல் உற்பத்தியைத் தொடங்கியது; அதைச் சுற்றிக் கோவிந்தபுரம், தளவாய், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர் என்று தனியார் புகைபோக்கிகள் எழுந்தன. காரணம் கல்லங்குறிச்சிப் படுகை போன்ற சுண்ணாம்புக்கல். ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது; அதன் தரையில் கிரைபியா என்ற சிப்பிகள் கோடிக்கணக்கில் செத்து அடுக்கடுக்காகப் படிந்தன. 1904இல் சென்னையில் இந்தியாவின் முதல் சிமெண்டைக் கடற்சிப்பியிலிருந்து செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. அரியலூர் செய்வதும் சிப்பி சிமெண்டுதான், சிப்பி கொஞ்சம் பழையது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அந்தச் சிப்பியைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். மற்றவை 1,450 டிகிரிச் சூளைக்குப் போகின்றன. சூளையில் வெந்து வரும் கிளிங்கர் 1 டன்னுக்கு ஒன்றரை டன் வரை கல். தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதன் எடையில் 44 விழுக்காடு கரியமில வாயுவாகிக் காற்றில் போகும். எரிபொருளின் புகை தனி. சிப்பி தன் ஆயுளெல்லாம் கடல்நீரிலிருந்து பிடித்துவைத்ததை நாம் விடுவிக்கிறோம். மிச்சம் இருப்பது சுரங்கக் குழி. மழைக்காலத்தில் அதில் பச்சைநிறத் தண்ணீர் நிற்கும். ஒரு காலத்தில் அதே இடத்தில் கம்பு விளைந்தது என்பார்கள். ஆலை வாசலுக்கு எதிரே உள்ள கடையில் மூட்டைக்குச் சலுகை உண்டா என்றால் அதுவும் இல்லை. ஊருக்கு மிஞ்சியது லாரியின் புழுதி.

கட்டடப் பொருள் ஓரிடத்தில் நிற்காது என்பதை இந்த மாவட்டம் முன்பே பார்த்திருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் சிவனுக்குக் கருங்கல்லில் வீடு கட்டினான். தனக்குக் கட்டிக்கொண்டது பில்லர் வீடுதான். மாளிகைமேட்டு அகழாய்வில் கிடைத்தவை செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், மரத்தூண்களை நிறுத்திய கருங்கல் பீடங்கள். கடாரம் வரை கப்பல் அனுப்பியவனின் சட்டகத்தில் இன்று மிஞ்சியிருப்பது அந்தப் பீடங்களும் கடைக்காலும்தான். கருங்கல்லும் முழுதாகத் தப்பவில்லை. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டிய கம்பெனி அரசு கோயில் மதிலைப் பெயர்த்து எடுத்துப் போனது. தடுத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக ஒரு வாக்குறுதியும் கிடைத்தது. அது நிறைவேறவில்லை என்று அந்த நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

மாளிகைமேட்டின் செங்கல்லைச் சுற்றுவட்டார மக்கள் தலைமுறைகளாகத் தோண்டி எடுத்துத் தங்கள் வீடுகளுக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நன்றாக வெந்த செங்கல், கூலி மட்டும்தான் செலவு. இப்போது அந்தப் பக்கத்திலும் பழைய வீடுகளை இடித்துவிட்டுப் பில்லர் எழுப்புகிறார்கள். இடித்த சுவரை டிராக்டரில் அள்ளிக்கொண்டு போய்ப் புதிய வீட்டின் பேஸ்மட்டத்தை நிரப்பித் திமிசு போடுவது எங்கும் உள்ள வழக்கம். எது சோழன் செங்கல், எது போன தலைமுறைச் சூளையில் வெந்தது என்று அங்கே யாரும் பிரித்துக்கொண்டிருப்பதில்லை.